சிம்பா தின்ன ரோஜா உரம்: ஒரு மழைக்கால கேஸ்

செவ்வாக்கிழம மத்தியானம் 12 மணி இருக்கும், நர்சரில ஒரு வண்டி கோகோ பீட் இறக்கிட்டு இருந்தோம், அப்ப வடவள்ளி அக்கா போன் பண்ணாங்க. நம்ம ரெகுலர் கஸ்டமர், மாடில முப்பது நாப்பது தொட்டி வெச்சிருக்காங்க. "தம்பி, சனிக்கிழம நீ குடுத்த உரத்த ரோஜாவுக்கு போட்டேனில்ல, மூணு தொட்டிய சிம்பா நோண்டிப் போட்டுட்டான், வேரெல்லாம் வெளிய தெரியுது, மறுபடி மண்ணு அணைச்சா பொழச்சுக்குமா இல்ல கவாத்து பண்ணி விடட்டுமா?" அவ்ளோதான் கேள்வி. நாயப் பத்தி ஒரு வார்த்த இல்ல. நானா பேச்சுவாக்குல "சிம்பா எப்டிக்கா இருக்கான்"னு கேட்டதுக்குதான், "அத ஏன் கேக்கற, நேத்து ராத்திரில இருந்து ஒரே வாந்தி, விடிகாலைல ரத்தமா போச்சு, டாக்டர்ட்ட ட்ரிப்ஸ் ஏறிட்டு இருக்கு, இங்க இருந்துதான் பேசறேன்"னாங்க.

எனக்கு கை கால் ஓடல. ஏன்னா அந்த உரக் கவர்ல என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்கு தெரியாது, எனக்கு தெரியும். தெரியும்னு கூட முழுசா சொல்ல முடியாது, அதையும் சொல்றேன்.

இது போன ஐப்பசில நடந்தது, தீபாவளிக்கு முந்தின வாரம். நடந்தத ஒண்ணு விடாம எழுதி வெச்சுக்கலாம்னு அப்பவே நெனச்சேன். தப்புல பெரும் பங்கு எங்க கடையோடது, அதனால எதையும் பூசி மெழுகாம எழுதறேன், நர்சரி வெச்சிருக்கறவங்களும் மாடித்தோட்டமும் நாயும் சேத்து வெச்சிருக்கறவங்களும் படிச்சா போதும்.

அந்த கவர்ல இருந்தது

எங்க கடைல "ரோஜா மிக்ஸ்"னு ஒண்ணு போடுவோம். மாமா ஆரம்பிச்சது, நான் டிப்ளமோ முடிச்சுட்டு கடைக்கு வந்து 9 வருஷம் ஆச்சு, அதுக்கும் முன்னாடில இருந்தே ஓடுது. எலும்புத்தூள் ஒரு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு, ஆமணக்கு புண்ணாக்கு ஒரு பங்கு, கலந்து ஒரு கிலோ கவர்ல கட்டி ஸ்டேப்ளர் அடிச்சு மாட்டி விட்ருவோம். ஆமணக்குனா எங்க பக்கம் கொட்டமுத்து, வெளக்கெண்ணெ ஆட்டற கொட்ட. எண்ணெ எடுத்த பின்னாடி மிஞ்சற சக்கைதான் புண்ணாக்கு. தழைச்சத்து 4 சதவீதத்துக்கு மேல இருக்கும், கடலப் புண்ணாக்குல 7 கிட்ட வரும்னாலும் அது மாட்டுத் தீவனத்துக்குப் போறதால வெல ஜாஸ்தி, கொட்டமுத்து புண்ணாக்க மாடு தின்னக் கூடாது, அதனால அது உரத்துக்குனே வருது. கூடவே கறையான் அண்டாதுன்னு ஒரு பேரு வேற அதுக்கு உண்டு. காப்பித் தோட்டத்துக்கெல்லாம் லோடு லோடா போகும். இத்தனைக்கும் ஆமணக்கு நமக்கொண்ணும் புதுசில்ல, சேலம் ஏத்தாப்பூர்ல வேளாண் பல்கலைக்கழகத்தோட மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கு, அந்தப் பக்கம் மானாவாரில காலங்காலமா போடறாங்க.

மாடு தின்னக் கூடாதுன்னு தெரியும். பரம்பரையா எல்லாருக்கும் தெரியும். ஆனா அதே சங்கதிய ஒரு கிலோ கவர்ல கட்டி மாடி வீட்டுக்கு குடுக்கறப்ப, அந்த மாடில மாடு இருக்காது நாய் இருக்கும்னு எங்களுக்கு யோசனையே போகல, 9 வருஷத்துல ஒரு நாள் கூட.

கவர் மேல என்ன எழுதிருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, "ரோஜா மிக்ஸ் 1 கிலோ, 100% இயற்கை உரம்". அவ்ளோதான். உள்ள என்ன இருக்குன்னு இல்ல. அந்த "இயற்கை" இருக்கு பாருங்க, இந்த கேஸ்ல வெஷத்த விட பெரிய வில்லன் அதுதான்னு எனக்கு தோணுது, ஏன்னா அக்கா டாக்டர்ட்ட உரத்தப் பத்தி வாயே தொறக்காததுக்கு காரணம் அந்த ஒரு வார்த்ததான். யூரியா போட்டிருந்தா மொத வேலையா சொல்லிருப்பாங்க.

நடந்தது எப்ப எப்டி

சனிக்கிழம கவர் வாங்கிட்டு போனாங்க. ஞாயித்துக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆறு ரோஜா தொட்டிக்கு தொட்டிக்கு ரெண்டு கைப்பிடி போட்டாங்க. களைக்கொத்துல ஓரமா கிளறி உள்ள தள்ளி மண்ணு மூடணும், அப்டித்தான் சொல்லியும் விட்டேன், ஆனா கோயமுத்தூர் ஐப்பசி மழை உங்களுக்கே தெரியும், மத்தியானம் வரைக்கும் வெயில் மண்டைய பொளக்கும், அஞ்சு மணிக்கு மருதமலப் பக்கம் கறுத்துக்கிட்டு வரும், அடுத்த கால் மணி நேரத்துல கொட்டிடும். அன்னைக்கும் அதான். மேலாப்புல தூவிட்டு, காலைல கிளறிக்கலாம்னு துணிய எடுத்துட்டு கீழ ஓடிட்டாங்க.

ராத்திரி பூரா மழை. ஊறுன புண்ணாக்கும் எலும்புத்தூளும் என்ன வாடை அடிக்கும்னு கடைல வேல செஞ்சவங்களுக்கு தெரியும், நமக்கு கொமட்டும், நாய்க்கு அது கறிக்கடை வாசல்.

திங்கக்கிழம காலைல வீட்ல தீபாவளிக்கு ஒட்டடை அடிக்க ஆள் வந்தாங்க. சிம்பா லேப்ரடார், நாலு வயசு, 31 கிலோ, ஆளப் பாத்தா கொஞ்சி கொஞ்சியே வேல செய்ய விடமாட்டான். அதனால 9 மணிக்கு மாடில விட்டு கதவ சாத்திட்டாங்க. 11 மணிக்கு போய் பாத்தா மூக்கெல்லாம் மண்ணு, மூணு தொட்டி காலி. திட்டி தண்ணி ஊத்தி கழுவி கூட்டிட்டு வந்துட்டாங்க. மத்தியானம் சோறு நல்லா தின்னுருக்கான். வாலாட்டிருக்கான். ஒண்ணுமே தெரியல.

ராத்திரி 8 மணிக்கு மொத வாந்தி. அதாவது தின்னதுக்கும் வாந்திக்கும் நடுவுல ஒம்பது பத்து மணி நேரம் ஓடிப் போச்சு. அதனாலதான் ரெண்டையும் யாரும் முடிச்சு போடல. ராத்திரி மூணு தடவ எடுத்துட்டான், ரெண்டு மணிக்கு பேதி, விடிகாலைல ரத்தம். நடுவுல தயிர் சோறு வெச்சுருக்காங்க, தொடல. பக்கத்து வீட்டு பாட்டி வந்து "வயித்த கழுவி விட்டாப் போதும் கண்ணு, ஒரு கரண்டி வெளக்கெண்ணெ ஊத்து"ன்னு சொன்னாங்களாம். நல்ல வேளை வீட்ல வெளக்கெண்ணெ தீந்து போயிருந்துச்சு. எண்ணெல அந்த வெஷம் இல்ல, அது வேற விஷயம், ஆனா ஏற்கனவே பிச்சுக்கிட்டு போற வயித்துக்கு மேல பேதி மருந்து ஊத்தினா உடம்புல இருக்கற மிச்ச தண்ணியும் போயிருக்கும்.

காலைல 9 மணிக்கு டாக்டர். மழைக்காலம், ரத்த பேதி, வாந்தினா எந்த டாக்டருக்கும் மொதல்ல பார்வோங்கற வைரஸ் நோய்தான் ஞாபகம் வரும், ஊசி எல்லாம் கரெக்டா போட்ட நாய்ங்கறதால அது இருக்காதுன்னு அடுத்தது உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தாங்க. எதாவது முழுங்கிட்டானான்னு ஒரு எக்ஸ்ரே. அதுல வயித்துக்குள்ள வெள்ளையா திட்டுத் திட்டா பொடி மாதிரி எதோ தெரிஞ்சுருக்கு. "என்ன தின்னான்"னு கேட்டதுக்கு அக்கா "தோட்டத்து மண்ணு தின்னுருப்பான் டாக்டர், எப்பவும் நோண்டுவான்"னு சொல்லிருக்காங்க. பொய் இல்ல. அவங்களுக்கு தெரிஞ்சது அவ்ளோதான். சாயங்காலம் வரைக்கும் ட்ரிப்ஸ் போட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பேசி வெச்சிருந்தாங்க.

உள்ளங்கைல தெரிஞ்சது

போன வெச்ச உடனே குடோனுக்குள்ள போய் மூட்டைய பாத்தேன். இங்கதான் "முழுசா தெரியாது"ன்னு சொன்ன சங்கதி வருது. நாங்க வழக்கமா வாங்கற எடத்துல சரக்கு இல்லைன்னு அந்த மாசம் வேற ஒரு மொத்த வியாபாரிட்ட எடுத்திருந்தோம், சாக்கு மேல "புண்ணாக்கு, உரத்துக்கு மட்டும்"னு மார்க்கர்ல எழுதி இருந்துச்சு, ஆவில வேக வெச்சதா, செக்குல ஆட்டி அப்டியே வந்த சக்கையா, எதுவும் இல்ல. ஒரு கட்டிய எடுத்து உள்ளங்கைல வெச்சு நசுக்கி வெளிச்சத்துல பாத்தேன். பழுப்பு மாவுக்கு நடுவுல பளபளன்னு கறுப்பும் சாம்பலுமா புள்ளி போட்ட ஓட்டுத் துண்டு, நகத்துல பாதி கூட இருக்காது. கொட்டமுத்து ஓடு. அத ஒரு தடவ பாத்தா மறக்காது, ரத்தம் குடிச்சு உப்பிப் போன உண்ணி முதுகு மாதிரியே இருக்கும். நான் இத உவமைக்கு சொல்லல, ஆமணக்கோட அறிவியல் பேரு ரிசினஸ், லத்தீன்ல ரிசினஸ்னா உண்ணினு அர்த்தம், வெதையப் பாத்துட்டு வெச்ச பேருதான். அந்த பேர்ல இருந்து வந்ததுதான் ரிசின்.

ரிசின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: 1978ல லண்டன்ல ஜார்ஜி மார்க்கோவ்னு ஒரு பல்கேரிய எழுத்தாளர கொட நுனியால குத்தின மாதிரி குத்தி குண்டூசித் தலை அளவு உருண்டைய காலுக்குள்ள எறக்கி கொன்னாங்க, அந்த உருண்டைக்குள்ள இருந்தது ரிசின்தான்னு சொல்றாங்க. அதே பொருள்தான் கொட்டமுத்துல இருக்கு. அது ஒரு புரதம், தண்ணில கரையும், எண்ணெல கரையாது. அதனால கொட்டைய ஆட்டறப்ப வெளக்கெண்ணெ சுத்தமா ஒரு பக்கம் போயிடும், வெஷம் பூரா சக்கையோட தங்கிடும். உடம்புக்குள்ள போனா செல்லு புரதம் செய்யற எடத்தையே முடக்கிப் போட்டுடும், மொதல்ல அடி வாங்கறது குடல், அப்பறம் ஈரல், கிட்னி. முறிவு மருந்துனு ஒண்ணு கெடையாது.

முழுக் கொட்டைய ஒரு நாய் மெல்லாம முழுங்குனா பெரும்பாலும் அப்டியே பின்னாடி வந்துடும், ஓடு அவ்ளோ கெட்டி. மென்னாதான் ஆபத்து. புண்ணாக்குல அந்த பாதுகாப்பும் இல்ல, ஏற்கனவே நசுக்கி அரைச்சுதான் வருது. நல்லா சூடு பண்ணி ஆவில வேக வெச்சா புரதம் கெட்டுப் போய் வெஷம் அடங்கிடும், பெரிய ஆலைல சில பேரு செய்யறாங்க, செக்குல ஆட்டற சூடு அதுக்கு பத்தாது. எந்த மூட்டை எப்டி வந்துச்சுன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது, அதுதான் இதுல மோசம். நாங்க 20 வருஷமா வித்தும் ஒண்ணும் ஆகாததுக்கு ஒருவேள பழைய எடத்து சரக்கு வேக வெச்சதா இருந்திருக்கலாம். இல்ல, ஆகியிருந்தும் யாரும் எங்களுக்கு சொல்லாம இருந்திருக்கலாம். ரெண்டாவதுதான் எனக்கு ராத்திரில தூக்கத்த கெடுக்குது.

ஒரு கவர்ல கட்டியும் பொடியுமா அள்ளிப் போட்டு வண்டிய எடுத்துட்டு கிளினிக் போனேன். டாக்டரம்மா கைல வாங்கி மோந்து பாத்தாங்க, அந்த ஓட்டுத் துண்ட பாத்தாங்க, "இத காலைலயே சொல்லிருக்கலாமேம்மா"ன்னு அக்காவப் பாத்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. அக்கா என்னப் பாத்தாங்க. நான் எங்க பாக்கறதுன்னு தெரியாம சிம்பாவ பாத்தேன், தலைய கூட தூக்கல, கண்ணு மட்டும் திரும்புச்சு.

நியாயமா சொல்லணும்னா, கண்டுபுடிச்சதால மருந்து பெருசா மாறல. ட்ரிப்ஸ், வாந்தி நிக்க ஊசி, குடல் புண்ணுக்கு மருந்து, இதுதான் ஏற்கனவே ஓடிட்டு இருந்துச்சு. வாந்தி எடுக்க வெக்கறது, கரி மருந்து குடுக்கறதெல்லாம் தின்ன கொஞ்ச நேரத்துலயே பண்ணணுமாம், ஒரு நாள் தாண்டிருச்சு. மாறினது ஒண்ணுதான், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பறதா இருந்தவங்க அனுப்பல. மூணு நாள் வெச்சுப் பாக்கணும், ஈரலும் கிட்னியும் லேட்டா காட்டும்னு சொல்லி தெனமும் ரத்தம் எடுத்தாங்க. அதே மாதிரி வியாழக்கிழம ஈரல் டெஸ்ட் கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சு. வெள்ளிக்கிழம எறங்குச்சு, கோழியும் சோறும் வேக வெச்சு குடுத்தத நாலு வாய் தின்னான், சனிக்கிழம வீட்டுக்கு வந்துட்டான். எளச்சு போய் எலும்பெல்லாம் தெரிய வந்தான், ஆனா நடந்து வந்தான். பில்லு 11,000 சொச்சம், அதுல பாதி நான் குடுத்தேன், அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க.

எவ்ளோ தின்னுருப்பான்னு அப்பறம் உக்காந்து கணக்கு போட்டேன். அக்கா கைப்பிடிக்கு 60 கிராம் புடிக்குது, தராசுல வெச்சே பாத்தேன். மூணு தொட்டிக்கு 360, தொட்டிலயும் தரையிலயும் கெடந்தத கூட்டி காய வெச்சு எட போட்டா 200 கிட்ட, ஆக அவன் வயித்துக்கு போனது 150, 160 கிராம், அதுல மூணுல ஒரு பங்கு கொட்டமுத்து புண்ணாக்குனா 50 கிராம். ஒரு சின்ன கிண்ணம். மழைல கரைஞ்சது போக இன்னும் கம்மியா கூட இருக்கலாம்.

ஒண்ணு ஒத்துக்கணும், ரிசின்தான்னு யாரும் லேப்ல டெஸ்ட் பண்ணி சொல்லல. எலும்புத்தூளே நெறைய தின்னா வாந்தி பேதி வரும், வயித்துல கட்டியா அடைச்சுக்கும், கணையம் வீங்கும். எக்ஸ்ரேல வெள்ளையா தெரிஞ்சதும் அதுவாத்தான் இருக்கணும். ஆனா ஓட்டுத் துண்டு, அந்த ஒம்பது பத்து மணி நேர எடைவெளி, ரத்தம், ஈரல் லேட்டா ஏறினது, எல்லாம் சேத்து பாத்து டாக்டரம்மா கொட்டமுத்துதான்னு கேஸ் ஷீட்ல எழுதினாங்க. நானும் அததான் நம்பறேன். எலும்புத்தூள் கூப்ட்டுருக்கு, கொட்டமுத்து அடிச்சுருக்கு. நாய்ங்க ஆமணக்கு தின்ன 98 கேஸ அமெரிக்காவுல தொகுத்து 2000ல ஒரு ஆய்வு வந்திருக்கு, அதுல வாந்தி, சோர்வு, பேதி இந்த மூணும்தான் முக்கியமா சொல்லிருக்காங்க, செத்ததும் கருணைக்கொல பண்ணதும் சேத்து 9 சதவீதம். கேக்க கம்மியாத்தான் இருக்கு. ஆனா நம்ம நாய் அந்த ஒம்போதுல இருக்கா தொண்ணூத்தி ஒண்ணுல இருக்கான்னு மூணு நாளைக்கு தெரியாம உக்காந்திருக்கணும் பாருங்க.

மாமாவோட சண்ட

"20 வருஷமா இதையே விக்கறோம் மாப்ள, எவனுக்கு என்ன ஆச்சு? நாய கட்டி வெக்கறது அவங்க பொறுப்பு." மாமா சொன்னது இதான். கோவத்துல சொல்லல, நெசமாவே அப்டித்தான் நெனக்கறாரு, அவரு காலத்துல நாய் வாசல்ல கெடக்கும், தோட்டம் பின்னாடி இருக்கும். இப்ப ரெண்டும் ஒரே மொட்டமாடில இருக்கு. எடம் மாறிப் போச்சு, நாம விக்கற பொருளு மாறல. இத அவருட்ட சொல்லி புரிய வெக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

கடைசில ரோஜா மிக்ஸ்ல இருந்து கொட்டமுத்து புண்ணாக்க எடுத்தாச்சு. தோட்டக்காரங்க தென்னைக்கோ வாழைக்கோ மூட்டையா கேட்டா தனியா குடுக்கறோம், கவர்ல கட்டறதில்ல. எலும்புத்தூளையும் எடுத்துட்டேன், அதுக்கு நாய் மட்டும் காரணம் இல்ல. அதுல மணிச்சத்து 20 சதவீதத்துக்கு மேல இருக்குங்கறது சரிதான், ஆனா நம்ம கோயமுத்தூர் பக்கம் மண்ணு சுண்ணாம்பு மண்ணு, தண்ணியும் உப்பு, அந்த காரத்தன்மைல எலும்புத்தூள் லேசுல கரையாது, செடிக்கு கெடைக்கறதுக்குள்ள நாய்க்குதான் கெடைக்கும். மண்புழு உரமும் கூட கொஞ்சம் பாஸ்போபாக்டீரியாவும் (மண்ணுல இருக்கற மணிச்சத்த கரைச்சு குடுக்கற நுண்ணுயிர் உரம்) வேப்பம் புண்ணாக்கும் போதும், ரோஜா நல்லாவே பூக்குது. வேப்பம் புண்ணாக்கு கசப்புக்கு பெரும்பாலான நாய் வாய் வெக்காது. வெக்கவே வெக்காதுன்னு லேப்ரடார் வளக்கறவங்ககிட்ட சொல்ல மாட்டேன்.

கவர் மேல இப்ப உள்ள இருக்கறது எல்லாத்தையும் மார்க்கர்ல எழுதறோம். "இயற்கை"ங்கற வார்த்தைய அடிச்சுட்டேன். அப்பறம் பில்லு போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கறோம்: "வீட்ல நாய், பூனை எதாவது இருக்குங்களா?" அவ்ளோதான் புது சிஸ்டம். இதுக்கு 9 வருஷம்.

அந்த கேள்விய கேக்க ஆரம்பிச்சதுல இருந்து

வேற கதையெல்லாம் வெளிய வருது. ஐப்பசி கார்த்திகைல நம்ம கடைக்கு வர்ற முக்காவாசி பேருக்கு ரெண்டே பிரச்சன, நத்தை, இல்லைனா தண்ணி தேங்கி வேர் அழுகறது. ரெண்டும் நாயோட வந்து முட்டுது.

நத்தைக்கு மருந்து கேப்பாங்க. கடைல கெடைக்கற குருணைல மெட்டால்டிஹைடுன்னு ஒரு வெஷம் இருக்கு, நத்தை விரும்பி வரணும்னு தவிடு மாதிரி தீனியில சேத்து செய்வாங்க, அந்த ருசி நாய்க்கும் புடிக்கும். தின்ன ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே ஒடம்பு நடுங்கி வலிப்பு வந்துடும், கொட்டமுத்து மாதிரி யோசிக்க நேரமெல்லாம் குடுக்காது. அதனால நாய் இருக்குன்னு சொன்னா குருணை குடுக்கறதே இல்ல, ராத்திரி 8 மணிக்கு மேல டார்ச் அடிச்சு கையுறை போட்டு பொறுக்கி உப்புத்தண்ணி பக்கெட்ல போடுங்க, சாயங்காலமே ரெண்டு முட்டைக்கோசு எலை, பப்பாளித் தோல் ஓரமா போட்டு வெச்சா எல்லாம் அங்க வந்து கூடிடும்னு சொல்லி அனுப்பறேன். ஒரு வாரம் விடாம பொறுக்கினா கொறஞ்சுடும். வியாபாரம் போகுதேன்னு மாமா மொகம் ஒரு மாதிரி ஆகும்.

தொட்டிக்கு அடில வெக்கற தட்டு இன்னொண்ணு. மழைல உரம் கரைஞ்சு அந்த தட்டுலதான் காப்பித் தண்ணி கலர்ல நிக்கும், கிண்ணத்துல நல்ல தண்ணி இருந்தாலும் நாய் அததான் குடிக்கும், ஏன்னு கேக்காதீங்க. அந்த தண்ணில எலி மூத்திரம் கலந்திருந்தா எலிக்காய்ச்சல், அது நாய்க்கும் வரும் நமக்கும் வரும். மழைக்காலத்துல தட்டையே எடுத்துருங்க, கார்த்திகை முடியற வரைக்கும் தொட்டிக்கு தட்டு தேவையே இல்ல, தொட்டிய ரெண்டு ஓட்டுத்துண்டு மேல தூக்கி வெச்சா ஓட்டை அடைக்காம தண்ணி எறங்கும், வேரும் தப்பிக்கும். கொசுவும் இல்ல. வருஷா வருஷம் போடற ஊசில எலிக்காய்ச்சலும் சேந்திருக்கான்னு டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

ஈரத்துக்கு தேரை வரும். நாய் வாய்ல கவ்வினா நுரை நுரையா தள்ளும், தண்ணிய வாய்க்குள்ள ஊத்தாம தலைய கீழ சாச்சு ஓரமா ஓட விட்டு கழுவிட்டு டாக்டருக்கு போன் பண்ணணும்.

மழை அடிக்கறப்ப உரம் போடாதீங்கன்னு நான் எல்லார்ட்டயும் சொல்றது நாய்க்காக மட்டும் இல்லைங்க, போட்டது பூரா ஓட்டை வழியா ஓடிடும், காசு தண்டம். புரட்டாசி கடைசிக்குள்ள ஒரு தடவ அடி உரம் வெச்சு மண்ணு மூடிடணும், அப்பறம் மழை ஓயட்டும். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் கவாத்து பண்ணுவோமில்ல, அப்ப அடுத்தது குடுத்தா போதும். எதப் போட்டாலும் மேல தூவி விடாம நாலு விரக்கடை ஆழம் தள்ளி மூடி, நாய் இருக்கற வீடுனா மண்ணு மேல உடைஞ்ச ஓடோ கூழாங்கல்லோ பரப்பிடுங்க. கோழி வலைய வட்டமா வெட்டி தொட்டி மேல போட்டா இன்னும் நல்லது, அக்கா வீட்ல இப்ப அதான்.

செடிலயும் கத இருக்கு. தீபாவளிக்கு வாசல் அழகுக்குன்னு அதிகம் போறது சைகஸ், பனை மாதிரி இருக்கற அழகுச் செடி, அதோட கொட்டைய நாய் தின்னா ஈரல் போயிடும், கொட்டமுத்த விட மோசம். அரளியும் அடீனியமும் இதயத்த புடிக்கும். மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா வாய் எரிச்சல், எச்சி ஒழுகறதோட பெரும்பாலும் நின்னுடும். நான் விக்காம இல்ல, விக்கறேன், எட்டாத எடத்துல வைங்கன்னு சொல்லி விக்கறேன்.

நாய் எதையாவது தின்னுருச்சுன்னு சந்தேகம் வந்தா உப்புத்தண்ணி கரைச்சு ஊத்தாதீங்க, நம்ம ஊர்ல மொத கை வைத்தியமே அதுதான், ஆனா உப்பு ஏறியே நாய் செத்துப் போகும். பாலு, தேங்காயெண்ணெ, சோப்புத் தண்ணி எதுவும் வேணாம். வாந்திய பாத்து மூக்க புடிச்சுட்டு கழுவி விடாம, ஒரு கவர்ல கொஞ்சம் எடுத்து, உரக் கவரையும் எடுத்துட்டு ஓடுங்க. அக்கா கழுவி விட்டுட்டாங்க. அதுல அந்த ஓட்டுத் துண்டு கண்டிப்பா இருந்திருக்கும்.

அந்த மூணு ரோஜால ரெண்டு பொழச்சுது. ஒண்ணு நோண்டறப்பவே ஒட்டு கட்டுன எடத்துல ஒடஞ்சுட்டதால இப்ப காட்டு ரோஜா துளிர் மட்டும் வருது, புடுங்கிப் போடுங்கன்னா அக்கா மாட்டேங்கறாங்க.

போன வாரம் நான் உள்ள தொட்டி அடுக்கிட்டு இருந்தேன், கல்லால மாமா. ஒரு பொண்ணு ரெண்டு லில்லி கெழங்கும் ஒரு கவர் மண்புழு உரமும் எடுத்துட்டு வந்துச்சு. மாமா கண்ணாடிய தூக்கி விட்டுட்டு, நான் சொல்லாமலே, "வீட்ல நாய் இருக்குங்களா அம்மிணி"ன்னு கேட்டாரு. அந்த பொண்ணு "இல்லைங்க, பூனைதான்"னு சொல்லுச்சு. மாமா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு உள்ள பாத்து கத்தினாரு, "மாப்ள! லில்லிக்கும் பூனைக்கும் எதாவது இருக்கா?"

கைல இருந்த தொட்டிய கீழ வெச்சுட்டு ஓடினேன்.